சிலைகளும் சாகின்றன: ஒரு திரைப்படமும் நமது பார்வையும்

பரிசோதனைத் திரைப்படம் என்னும் தொடரைக் கேட்டதும் நம்மவரிடையே இருவகை மனப்பாங்குகள் தலைகாட்டுவதைக் காண்கிறோம். சமுதாய நோக்குடையோர் எனத் தம்மைக் கருதிக்கொள்ளும் ஒரு சாரார், 'இஃது உருவ மயக்கம்; மக்களுக்கு விளங்காதது; வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுவர். தூய கலை பேசும் மற்றொரு சாரார் அதே படத்தை வானளாவப் புகழ்வர். ஆயின், அப்படம் எதனைப் பற்றியது என்று கேட்டால், கேள்வியே அநாகரிகமானது என்பதுபோல நம்மை நோக்குவர். இவ்விரு சாராரையும் ஒருங்கே சங்கடத்துக்கு உள்ளாக்கும் படம் ஒன்றினைப் பற்றி எழுத முற்படுகிறோம். அது புதிய படமன்று. 1953இல் பிரான்சிலே ஆக்கப்பெற்றது. அரைமணி நேரமே ஓடுவது. 'சிலைகளும் சாகின்றன' என்பது அதன் பிரெஞ்சுப் பெயரின் நேர்பொருள். அலென் ரெனே, கிறிஸ் மார்க்கர் ஆகிய இருவரும் நெறிப்படுத்த, கிஸ்லென் குளோக்கே ஒளிப்பதிவு செய்தார். விவரண உரை மார்க்கருடையது.

இப்படத்தை ஆக்குமாறு கேட்டவர்கள் திரைப்பட வியாபாரிகள் அல்லர். ஒரு சஞ்சிகைக்காரர் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர் ஆர்வத்துடன் கவனிப்பர் என நம்புகிறோம். செனகல் நாட்டவரான அலியூன் தியோப் 1947இல் பாரிஸிலே தொடங்கிய 'பிரெசான்ஸ் ஆபிரிக்கேன்' என்னும் சஞ்சிகையே அது. ஆபிரிக்கக் கலை பற்றிய படம் ஒன்று வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. படத்தை ஆக்க முற்பட்டோர் மிகச் சாதாரணமானதொரு கேள்வியிலிருந்து புறப்பட்டனர். கிரேக்கச் சிலையும் எகிப்தியச் சிலையும் லூவர் மாளிகையில், கலைப்பொருள்களாக, வைக்கப்பட்டிருக்கின்றன. ஆபிரிக்கச் சிலைகள் மட்டும் மனித இன நூதனசாலையில், வில், அம்பு, மீன்கூடை ஆகியவற்றின் பக்கத்திலே நிறுத்தப்பட்டிருப்பது ஏன்? எகிப்தும் ஆபிரிக்காவிலேதான் உள்ளது என்பதைப் பாரிஸ் நகரத்தார் மறந்துவிட்டனர் போலும்! நல்ல கேள்விகள் பெரும்பாலும் இத்தகையனவே. ஒரு குழந்தையும் கேட்கக்கூடியவை. ஆயின், விடை தேடப் புகுந்தால் ஒரு பேரரசின் கணக்குப் புத்தகம் முழுவதையும் திறக்கவேண்டி வந்துவிடும்.

ரெனே இதற்கு முன்னரே ஓவியங்களைப் பற்றிய குறும்படங்களால் பெயர் பெற்றிருந்தார். 1948இல் வன் கோவைப் பற்றி அவர் எடுத்த படம் அக்காலத்தில் பெருஞ் சர்ச்சைக்கு இடமளித்தது. வன் கோவின் வண்ணங்கள் உலகப் பிரசித்தம்; ரெனே அவற்றைக் கறுப்பு வெள்ளையிலே படம்பிடித்தார். ஓவியத்தின் சட்டத்தை ஓரிடத்தும் காட்டவில்லை. கமெரா ஓவியத்தினுள்ளே புகுந்து, ஒரு படத்தின் தெருவால் நடந்து மற்றொரு படத்தின் வீட்டுக் கதவைத் திறப்பதுபோலச் சென்றது. இஃது ஓவியத்துக்குச் செய்த துரோகம் என்று கலைவாணர் சிலர் குமுறினர். அந்திரே பசான் என்னும் விமர்சகரோ வேறுவிதமாகச் சிந்தித்தார். ஓவியத்தின் சட்டம் நமது கண்ணை உள்நோக்கி இழுக்கிறது. திரையின் விளிம்போ வெளியேயும் உலகம் தொடர்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே, ஓவியத்தைத் திரையிலே காட்டுவது அதனை வேறொரு வெளியிலே விடுவதாகும் என்பது அவர் கருத்து. 1950இல் பிக்காசோவின் 'குவர்னிக்கா'வை மையமாகக் கொண்ட படத்திலே, சட்டத்துக்கு வெளியே இருந்த அவ்வுலகம் யாதென்பது தெளிவாயிற்று: குண்டுவீச்சுக்கு இலக்கான ஸ்பானிய நகரம். ஓவியத்திலிருந்து சரித்திரத்துக்குப் போகும் வழியை ரெனே அறிந்திருந்தார் என்பதற்காகவே இவற்றை இங்கு குறிப்பிட்டோம்.

இனி, படத்துக்கு வருவோம். மனிதன் இறந்தபின் சரித்திரத்துள் புகுவதுபோலச் சிலை இறந்தபின் கலையினுள் புகுகின்றது என்னும் கருத்தோடு படம் தொடங்குகிறது. எந்தக் கண்கள் ஒரு பொருளை உயிருள்ளதாகக் கண்டனவோ, அக்கண்கள் மறைந்தபோதே அப்பொருளும் இறந்துவிடுகிறது. எஞ்சியதையே நாம் கண்ணாடிப் பேழையில் வைத்து வியக்கிறோம் என்பது மார்க்கரின் வாதம். இவ்வளவும் சொல்லில் வந்தது. இதனைக் காட்சியிலே ரெனே எவ்வாறு நிறுவுகிறார் என்பதே நம்மைக் கவர்ந்தது. கமெராவைப் பேழைக்குள்ளே வைத்துவிடுகிறார்! கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்வையாளரின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து குனிந்து நம்மை உற்றுப் பார்க்கின்றன. பார்க்கவந்தவர் பார்க்கப்படுபவர் ஆகிவிடுகின்றனர். அவர்களுள் ஒருத்தி கறுப்பினப் பெண். மற்றையோர் நின்ற இடத்திலேதான் அவளும் நிற்கிறாள். அவள் கண்ணிலே என்ன ஓடுகிறது என்று படம் நமக்குச் சொல்வதில்லை. தன் பாட்டியின் வீட்டுப் பொருளைப் பிறர் வீட்டு அலுமாரியில் காணும் ஒருத்தியின் மௌனம் அது என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறு எண்ணுவதற்கு நமக்கு உரிமை உண்டா என்ற ஐயமும் உடனே எழுகிறது. ஒரு சில விநாடிக் காட்சி இத்தனை செய்கிறது.

அடுத்து வரும் பகுதி திரைப்படக் கலையின் அரிய சாதனைகளுள் ஒன்று எனத் தயங்காது கூறலாம். கரிய பின்னணியிலிருந்து முகமூடிகள் எழுகின்றன. ஒளி நகர்கிறது; அதனோடு மரத்திலே வெட்டிய கன்னமும் புருவமும் அசைவதுபோலத் தோன்றுகின்றன. மரத்தின் நார், துணியின் இழை, மனிதத் தோல் ஆகியன ஒன்றையொன்று தொடர்ந்து வருமாறு காட்சிகளை ரெனே கோத்திருக்கிறார். கரண்டியொன்று வருகிறது. அதன் பிடியிலே செதுக்கிய உருவத்தைக் கண்டு வியக்கிறோம். அது கஞ்சி கிண்டிய கரண்டியாகவும் இருந்திருக்கக்கூடும் என்பது அடுத்த கணமே உறைக்கிறது. கலைப்பொருள் என்றும் பாவனைப்பொருள் என்றும் நாம் வகுத்து வைத்திருக்கும் எல்லைக்கோடு இவ்விடத்திலே அழிந்துபோகிறது.

ஈழத்து வாசகர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி தம் வாழ்நாள் முழுவதும் இதனை வற்புறுத்தி வந்தார். நூதனசாலையிலுள்ள பண்டைப் பொருள்கள் நூதனசாலையில் வைப்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. வணங்கவும் உண்ணவும் உடுக்கவும் ஆக்கப்பட்டவை. பயனையும் பொருளையும் அறியாது அழகை மட்டும் ரசிப்பது அரைகுறைப் பார்வை என்றார் அவர். அவரோ 1917 முதல் 1947இல் மறையும் வரை பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலே பணிபுரிந்தவர். அவர் திரட்டிய சேகரிப்பும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. இதனைக் குறை கூறுவதற்காக நாம் எழுதவில்லை. ஆயினும், குமாரசுவாமியிடம் நாம் காணாத ஒன்று இப்படத்திலே உண்டு. பொருள் தன் பயனை இழந்தது நவீன உலகின் ஆன்ம வறுமையால் என்று குமாரசுவாமி விளக்கினார். மார்க்கரும் ரெனேயும் அத்தோடு நில்லாது, அதனை யார் எடுத்துச் சென்றார், எப்போது எடுத்துச் சென்றார், எந்தப் படையோடு வந்து எடுத்துச் சென்றார் என்று கேட்கிறார்கள். முன்னையது தத்துவம், பின்னையதை வழக்கு எனலாம்.

இவ்விடத்தில் நமது வகுப்பறையிலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக்கரையிலே கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா சிலையை வாசகர் அறிந்திருப்பர். எட்டாம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்படுவது. ஏறத்தாழ ஒரு பெண்ணின் உயரம் உடையது. தேசாதிபதியாக இருந்த பிரவுண்றிக் அதனை 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார்; இன்றும் அது இலண்டனிலேயே உள்ளது. (ரெனே குழுவினர் தம் படத்துக்கு வேண்டிய சில காட்சிகளை அதே கட்டடத்திலும் எடுத்தனர்.) அச்சிலையின் புகைப்படத்தை மாணவரிடம் காட்டியபோது முதலில் எழுந்த கேள்வி, 'இதற்கு இப்போது எவ்வளவு காசு வரும், சேர்?' என்பது. வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். பின் வாங்கிலிருந்த ஒரு மாணவி மட்டும், 'அங்கே அம்மனுக்குப் பூ வைப்பார்களா?' என்று கேட்டாள். அது பௌத்தரின் தெய்வம் என்று திருத்தத்தான் நமக்குத் தோன்றிற்று, திருத்தியும்விட்டோம். பாடநூல் தந்த பழக்கம்! அவள் கேட்டது எந்தச் சமயத்துக்கு உரிய சிலை என்பதை அன்று; அதனைப் பார்ப்போர் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதையே அவள் கேட்டாள் என்பது, இப்படத்தை மறுபடி பார்த்தபோதே நமக்கு விளங்கிற்று.

படத்தின் முற்பகுதியோடு எழுந்து போய்விடுவோர், ஆபிரிக்கச் சிற்பத்தின் பேரழகை உணர்த்தும் உயர்ந்த படம் என்று சொல்லிக்கொண்டு போகலாம். அவ்வாறு போய்விட முடியாதபடி அடுத்த பகுதி அமைந்துள்ளது. வெள்ளையர் வருகின்றனர், வணிகர், படையினர், மதபோதகர், மருத்துவர், அதிகாரிகள் எல்லோரும் வருகின்றனர். பழைய தெய்வம் போகிறது. சிலை செய்தவன் இப்போது சந்தைக்குச் செய்கிறான். வேட்கையோடு வாங்கும் உல்லாசப் பயணிக்கு ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற உருவங்கள் அடுக்கடுக்காகத் தயாராகின்றன. பெறுமதி கூடியபோது பொருளின் தரம் குறைந்த விந்தையை மார்க்கரின் உரை கசப்போடு எடுத்துரைக்கிறது. இடையிலே ஒரு கொரில்லா சுடப்பட்டு விழுந்து சாகும் காட்சி வருகிறது. அதனை நெடுநேரம் பார்க்க இயலாது. பிறகு காட்சி ஆபிரிக்காவை விட்டு அமெரிக்காவுக்குத் தாவுகிறது. கூடைப்பந்தாட்ட வித்தைகாட்டும் ஹார்லெம் வீரர், குத்துச்சண்டை மேடையில் சுகர் ரே ரொபின்சன், பேரிகை அடிக்கும் இசைஞன்; இவர்களோடு பொல்லடி வாங்கும் தொழிலாளர். பேரிகையில் விழும் அடியும் முதுகில் விழும் அடியும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைகின்றன. முகமூடியில் உறைந்திருந்த உயிர்ப்பு இங்கே, உழைப்பிலும் ஆட்டத்திலும் போராட்டத்திலும், வேறு உருவெடுத்திருக்கிறது என்பது படத்தின் முடிபு.

பிரெஞ்சுத் தணிக்கையாளர் இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1954இல் ழான் விகோ பரிசு பெற்ற இப்படம் பொதுமக்கட்குக் காட்டப்படுவது தடுக்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேற்பட்ட இழுபறிக்கிடையே, அறுபதுகளிலே, பின்பகுதியைக் குறைத்த வடிவத்துக்கே முதலில் வழி பிறந்தது. அதற்குள் 1960ஆம் ஆண்டு வந்து, பிரான்சின் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளுட் பெரும்பாலானவை சுதந்திரம் பெற்றுவிட்டன. அக்காலச் சூழலை நினைத்துப் பார்த்தால் இதிலே வியப்பில்லை. 1954இல் தியன் பியன் பூவிலே பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டின் இறுதியில் அல்ஜீரியாவிலே போர் வெடித்தது. குடியேற்ற நாடுகளிலே அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது என 1934ஆம் ஆண்டு முதலே ஒரு கட்டளை இருந்தது. அதனை மீறிய ரெனே வோத்தியே, 'ஆபிரிக்கா 50' என்னும் படத்துக்காகச் சிறைசென்றார். போலின் வியேரா முதலிய ஆபிரிக்க இளைஞர் தம் சொந்த மண்ணிலே படமெடுக்க அனுமதி பெறாது, 1955இல் பாரிஸிலேயே, சேன் நதிக்கரையிலே, தம் ஆபிரிக்காவைத் தேடிப் படமெடுத்தனர். ரெனேக்கும் தணிக்கை இத்தோடு ஓயவில்லை. நாஜி வதைமுகாம்கள் பற்றிய 'இரவும் மூடுபனியும்' என்ற 1955ஆம் ஆண்டுப் படத்திலே, பிரெஞ்சுக் காவலன் ஒருவனின் தொப்பி தெரிந்துவிடுகிறது என்று அதனை மறைக்கச் செய்தனர். ஒரு தொப்பிக்கு அஞ்சும் அரசாங்கம்!

இத்தடையிலே நாம் ஆழ்ந்து நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உளது. தணிக்கையாளர் முற்பகுதியை வெறுக்கவில்லை. முகமூடிகளின் அழகை எவரும் ரசிக்கலாம் என்றே அவர்கள் கருதினர். சிலை வரையில் கலை. அதற்கப்பால் வருவது அரசியல். ஆதலால், இரண்டுக்கும் நடுவே கத்தரியை வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி. ஆனால், படம் குற்றஞ்சாட்டுவது இதே செயலையன்றோ! பொருளை அதன் வாழ்விலிருந்து வெட்டியெடுத்துப் பேழையிலே வைப்பதே சிலையின் மரணம் என்று படம் கூறுகிறது. தணிக்கையாளரும் படத்தை அதன் வாழ்விலிருந்து வெட்டியெடுத்து, அழகான முற்பாதியை மட்டும் பேழையிலே வைக்க முனைந்தனர். கலை கலைக்காகவே என்று இன்றும் நம்மிடையே பேசுவோர் இச்செய்தியைச் சற்று எண்ணிப்பார்க்கலாம். அவர்தம் கோட்பாட்டினை ஓர் அரசாங்கம் சட்டமாக நிறைவேற்றினால் அஃது எவ்வாறு இருக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

ஆயினும், முற்போக்கு அணியினராகிய நமக்கும் இங்கே பாடம் உண்டு. பின்பகுதி மட்டுமே நமக்குத் தேவை, கொள்கை அங்கேதான் இருக்கிறது, இருளிலிருந்து எழும் முகமூடிகளெல்லாம் வீண் அலங்காரம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் கூற்றை நாம் ஏற்கவில்லை. அம்முகங்களின் முன்னே பத்துப் பதினைந்து நிமிடம் மெய்ம்மறந்து இருந்திராவிட்டால், பின்னர் சந்தைக்கென வார்த்த போலி உருவத்தைக் காணும்போது ஏற்படும் வெட்கம் நமக்கு ஏற்பட்டிராது. குளோக்கேயின் ஒளி நமக்கு முதலிலே பார்க்கக் கற்பிக்கிறது. அதன் பிறகே, இழந்தது யாது என்று அளக்க நம்மால் முடிகிறது. குடியேற்ற ஆட்சியைக் கண்டிக்கும் துண்டுப்பிரசுரங்கள் அன்று பாரிஸிலே ஏராளம். அவற்றையெல்லாம் அரசாங்கம் பொருட்படுத்தியதா என்பதை நாம் அறியோம். இந்த அரைமணிப் படத்தைப் பொருட்படுத்தியது என்பதை அறிவோம். உருவத்தைப் பற்றி அக்கறைப்படுவதைக் குற்றமாகக் கருதும் நமது எழுத்தாளர் சிலரின் கதைகளும் கவிதைகளும், கருத்து நேர்மையானதாக இருந்தும், வாசகன் நெஞ்சிலே தைக்காது போவதன் காரணமும் இதுவே.

படத்தைப் புகழ்ந்ததோடு நின்றுவிட்டால் விமர்சனக் கடமை முடிந்துவிடாது. அதிலே பெருங்குறை ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் தெர்வூரன் நூதனசாலை, பாரிஸ், இலண்டன், தனியார் சேகரிப்புக்கள் எனப் பல இடங்களிலிருந்தும் பொருள்கள் ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளன. ஆயின், திரையிலே வரும் முகமூடி எந்த மக்களுடையது, எந்த ஆற்றங்கரையில் ஆக்கப்பட்டது, எந்த விழாவில் எவர் முகத்தில் ஏறியது என்பதைப் பெரும்பாலும் படம் கூறுவதில்லை. கொங்கோவும் பெனினும் மேற்காபிரிக்கக் காடும் ஒரே இருளிலிருந்து எழுந்து ஒரே இருளில் மறைகின்றன. நூதனசாலையிலாவது ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது. படம் அதையும் உரித்துவிட்டது! அப்பொருள்களுக்குக் கிடைக்கும் இசையும் கீ பெர்னார் என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்த மேனாட்டு இசை. பேசும் குரலும் பிரெஞ்சுக் குரலே. கண்ணாடிப் பேழையை உடைக்கப் புறப்பட்டவர்கள், அதைவிடக் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு பேழையைக் கட்டிவிட்டார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். 1907இல் பழைய துரொக்கதேரோ நூதனசாலையிலே ஆபிரிக்க முகமூடிகளைக் கண்டு பிக்காசோ அதிர்ந்த நாளிலிருந்து, ஐரோப்பியக் கலைஞர் அவற்றைத் தம் தேவைக்காகவே பார்த்து வந்தனர். ரெனேயும் மார்க்கரும் அவ்வாறன்றி, நேர்மையோடு தம் நாட்டையே கூண்டில் ஏற்றினர் என்பர். மெய்தான். அதற்காக அவர்களை மதிக்கிறோம். எனினும், ஒருவன் எத்துணை நேர்மையோடு எனக்காகப் பேசினாலும், அந்நேரத்தில் நான் பேசாது இருக்கிறேன் என்னும் உண்மை மாறிவிடாது. கண்ணாடிக்கு முன் நின்ற அந்தப் பெண் படம் முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஏறத்தாழ எழுபதாண்டு கழித்து அவள் பேசத் தொடங்கினாள் எனலாம். பிரான்சிலே பிறந்த, செனகல் வழிவந்த மத்தி தியோப் என்னும் பெண் நெறியாளரின் 'தகோமே' 2024இல் பெர்லின் விழாவிலே தங்கக்கரடிப் பரிசைப் பெற்றது. தகோமே என்பது இன்றைய பெனின் குடியரசின் பழம்பெயர். 1975 வரை நாட்டுக்கும் அதுவே பெயராயிருந்தது. 1892இல் தொட்ஸ் என்பானின் தலைமையில் பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனையிலிருந்து கொண்டுசென்ற செல்வங்களுள் 26 பொருள்கள், 2021 நவம்பரில் பாரிஸின் கே பிரான்லி நூதனசாலையிலிருந்து தாயகம் திரும்பின. அப்பயணமே இப்படம். கெசோ, கிலேலே, பெகன்சின் ஆகிய மூன்று மன்னரைக் குறிக்கும் சிலைகள் அவற்றுள் அடங்கும்.

மத்தி தியோப் செய்த துணிகரமான காரியம், சிலையையே பேசவைத்தமை. பெட்டியினுள் ஆணி அறையப்படும் ஒலி கேட்கிறது, திரை இருள்கிறது, இருளினுள்ளிருந்து கனத்ததொரு குரல் எழுகிறது. அது பிரெஞ்சிலே பேசவில்லை. தகோமே மக்களின் பொன் மொழியிலே பேசுகிறது. தனக்குப் பெயரில்லை, இலக்கம் மட்டுமே உண்டு, 26 என்பதே தான் என்று அது முறையிடுகிறது. ரெனேயின் படத்திலே கமெரா பேழைக்குள் புகுந்து வெளியே பார்த்ததை நினைவுகூர்க. அங்கு சிலையின் இடத்திலே நாம் நின்றோம், சிலைக்கு மொழியில்லை. இங்கே கமெரா பெட்டிக்குள் புகும்போது நமக்குப் பார்வையே இல்லை. சிலையின் குரல் மட்டும் உண்டு. பார்க்கும் உரிமையைச் சற்று நேரம் நம்மிடமிருந்து பறித்துவிட்டுக் கேட்கும்படி பணிக்கிறது இப்படம். குரலிலே சிறிது நாடகத்தன்மை மேலோங்கிவிட்டது என்ற குறையும் நமக்கு உண்டு. சில இடங்களிலே ஆவியுலகக் கதை கேட்பதுபோல இருந்தது.

நம்மை முழுவதும் ஆட்கொண்ட பகுதி இக்குரலன்று. அபோமே-கலாவி பல்கலைக்கழக மாணவரின் விவாதமே. பொருள்கள் வந்துவிட்டன, எல்லோரும் மகிழ்ந்தனர், கதை முடிந்தது என்றிருந்தால் அதுவும் ஒரு பேழைதான். மாணவர் அவ்வாறு விடவில்லை. ஆயிரக்கணக்கிற் கொண்டுபோனவன் இருபத்தாறைத் தந்தமை அவமதிப்பு என்கிறான் ஒருவன். தந்தது பிரான்சின் அரசியல் நலனுக்காக என்கிறாள் ஒருத்தி. அயல்நாட்டுச் சித்திரப் படங்களைப் பார்த்து வளர்ந்தோம், எங்கள் பெகன்சினைப் பற்றி எவரும் எங்களுக்குப் படம் காட்டவில்லை என்பது மற்றொரு குரல். இவற்றையெல்லாம் பிரெஞ்சு மொழியிலேதானே விவாதிக்கிறோம் என்ற வேதனையும் அங்கே ஒலிக்கிறது. வந்த பொருளைக் கோயிலிலே வைப்பதா, நூதனசாலையிலே வைப்பதா, கிராமத்துப் பிள்ளை அதைப் பார்க்கப் பஸ் காசுக்கு எங்கே போவாள் என்பன போன்ற கேள்விகளுக்கு அங்கே எவரும் முடிந்த முடிபு கூறிவிடவில்லை. 2023இன் இறுதியில் ஒல்லாந்தர் திருப்பித்தந்த ஆறு பொருள்கள், 1765இல் கண்டியிலே கைப்பற்றிய பீரங்கி உட்பட, கொழும்பை வந்தடைந்தபோது நம் நாட்டிலும் இவ்வாறு உரத்த விவாதம் நடந்திருக்கலாம். நாம் வாசித்தவரையில் பெரும்பாலும் வரவேற்புச் செய்திகளையே கண்டோம்.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே பொருத்தமானது. முன்னையதை மட்டும் பார்ப்போர் ஐரோப்பாவின் மனச்சாட்சியை அறிவர்; பின்னையதை மட்டும் பார்ப்போர்க்கு அம்மாணவரின் சினம் எத்தனை ஆண்டு காத்திருந்தது என்பது தெரியாது. நமது உயர்வகுப்பு மாணவர்க்கு இவ்விரண்டையும் காட்டும் எண்ணம் நமக்கு உண்டு. ஆங்கிலத் துணையெழுத்தின் உதவியாலேயே நாம் பார்த்தோம். அதை அவர்களிடம் சுமத்த மனமில்லை. ஆகவே, மார்க்கரின் உரையைத் தமிழாக்கத் தொடங்கினோம். ஆரம்பத்திலேயே ஒரு சொல்லிலே தடுக்கி நிற்கிறோம். பேரரசுகளும் காடுகளும் நூற்றுக்கணக்கான மொழிகளும் கொண்ட ஒரு கண்டத்தின் கலை முழுவதையும் அவர் ஒரே அடைமொழியால், அக்காலப் பிரெஞ்சுக்காரர் நிறத்தைச் சுட்டி வழங்கிய சொல்லால், குறிப்பிடுகிறார். நமது பழைய பாடநூல்களிலும் அதற்கு நிகரான சொல் உண்டு. அதனை எழுதக் கை வரவில்லை. 'ஆபிரிக்க' என்று மாற்றினால் மார்க்கரைத் திருத்தியவர்களாவோம். 1953இன் நல்லெண்ணத்திலும் இருந்த குறை மாணவர் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். அச்சொல் வரும் இடங்களை இப்போதைக்கு வெற்றிடமாக விட்டிருக்கிறோம். வகுப்பிலே படத்தை நிறுத்தி, அவ்விடத்தில் என்ன எழுதலாம் என்று மாணவரையே கேட்பதாக எண்ணம்.